பிரீட்றிக் வீதி நிலையம்: எம்மவர் கடந்து வந்த மேடை

எமது மக்கள் ஐரோப்பாவுக்குள் வந்து சேர்ந்த வரலாற்றை எழுத முனைவோர், விமான நிலையங்களையும் எல்லைச் சோதனைச் சாவடிகளையும் தேடிச் செல்வதே வழக்கம். அவ்வரலாற்றின் முக்கியமான பக்கமொன்று நகரத் தொடருந்து நிலையமொன்றில் எழுதப்பட்டது என்பதை இன்று நினைவுகூர்வோர் குறைந்து வருகின்றனர். ஜேர்மனியின் தலைநகரான பேர்லினின் நடுவே, ஸ்பிறே ஆற்றங்கரையில், வீதி மட்டத்துக்கு மேலே வளைவுப் பாலத்தின் மீது அமைந்திருக்கும் பிரீட்றிக் வீதி நிலையமே அது. 1980களின் நடுப்பகுதியில் ஜேர்மனிக்கு வந்த எம்மவரில் பெருந்தொகையானோர் இந்நிலையத்தின் படிகளில் ஏறி இறங்கியவர்களே. அவர்களிற் சிலர் பின்னர் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் டென்மார்க்குக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்தனர். ஆதலால் இக்கட்டுரை பேர்லின் வாசகர்களுக்கு மட்டும் உரியதன்று.

அந்நாளில் வந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தால், நிலையத்தின் பெயர் பலருக்கு நினைவிலிருக்காது. படிகளையும், குளிரையும், சீருடையாளரின் கண்ணாடிக் கூண்டையும், தமக்குப் பின்னால் சாத்தப்பட்ட கதவின் ஓசையையுமே சொல்வார்கள். பெயரை நாம் சொல்லியபின், "ஓம், அதுதான்" என்பார்கள். அந்த இடம் எப்படிப்பட்டது, அங்கே ஏன் ஒரு கதவு எமக்குத் திறந்திருந்தது, பின்னர் அது எவ்வாறு சாத்தப்பட்டது என்பதையெல்லாம் அன்று அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. அதனை இங்கே விரித்துரைக்க விரும்புகின்றோம்.

செங்கல் வளைவுகளின் மேல்

பேர்லினின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் நகர இருப்புப்பாதை 1882ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி உள்ளூர்ப் போக்குவரத்துக்குத் திறந்து வைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் தூர இடத்துப் புகையிரதங்களும் அப்பாதையில் ஓடத் தொடங்கின. ஏறத்தாழ 12 கிலோமீற்றர் நீளமான இப்பாதை நகரின் வீடுகளுக்கும் வீதிகளுக்கும் ஆற்றுக்கும் மேலாகச் செல்கின்றது. அதனைத் தாங்கி நிற்பவை 731 செங்கல் வளைவுகள். ஏர்ன்ஸ்ட் டிர்க்சன் என்னும் பொறியியலாளரின் தலைமையில் இவ்வேலை நடைபெற்றது. நாற்பாதை அமைப்பு அக்காலத்தில் புதுமையானது: இரண்டு பாதைகள் உள்ளூர் வண்டிகளுக்கு, மற்றைய இரண்டும் தூரப் பயண வண்டிகளுக்கு. வளைவுகளின் கீழிருந்த இடத்தையும் வீணாக்காமல் கடைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் மதுச்சாலைகளுக்கும் வாடகைக்கு விட்டார்கள். இன்றும் அவ்வளைவுகளுக்குள் அமர்ந்து கோப்பி அருந்துவோரின் தலைக்கு மேலே வண்டிகள் ஓடுகின்றன.

பிரீட்றிக் வீதி நிலையம் இப்பாதையில் அமைந்த முதல் நிலையங்களுள் ஒன்று. யோகன்னஸ் ஃபொல்மர் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வடிவமைத்தார். நாடக அரங்குகளும் விடுதிகளும் நிறைந்த வீதி ஆகையால் கூட்டம் பெருகிற்று. 1914இல் மீள்கட்டுமான வேலை தொடங்கியது. முதலாம் உலகப் போர் குறுக்கிட்டதனால் அது இழுபட்டு, 1920களின் நடுவிலேயே இன்று நாம் காணும் இரட்டைக் கூரை மண்டபம் நிறைவு பெற்றது.

இதற்கிடையில் நிலத்தின் கீழும் பாதைகள் வந்து சேர்ந்தன. 1923ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி, நகரை வடக்குத் தெற்காக ஊடறுக்கும் ஊ-பான் என்னும் நிலக்கீழ்த் தொடருந்து இங்கே தரித்தது. இன்று அது 6ஆம் இலக்கப் பாதை. 1936இல், பேர்லினில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்த கோடையில், எஸ்-பான் என்னும் நகரத் தொடருந்துக்கான வடக்குத் தெற்குச் சுரங்கப் பாதையின் முதற்பகுதியும் இந்நிலையத்துக்குக் கீழே திறக்கப்பட்டது. இவ்வாறு மேலே கிழக்கு மேற்குப் பாதை, கீழே இரண்டு வடக்குத் தெற்குப் பாதைகள், இவற்றை இணைக்கும் நடைபாதைகளும் படிக்கட்டுகளுமாக அது நகரின் பெரும் சந்தி நிலையமாயிற்று. ஒரு வண்டியிலிருந்து இறங்கி, வெளியே செல்லாமலே மற்றொன்றில் ஏறிவிடலாம். பயணிகளுக்கு வசதியென்று செய்யப்பட்ட இந்த ஏற்பாடுதான் பின்னாளில் ஓர் உலக அரசியற் சிக்கலாக மாறிற்று.

போரின் கடைசி நாட்களில், 1945 மே மாதத் தொடக்கத்தில், நகரின் தெற்கே கால்வாயொன்றின் கீழ்ச் செல்லும் எஸ்-பான் சுரங்கம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கால்வாய் நீர் சுரங்கத்தினுள் புகுந்தது. இரு சுரங்கப் பாதைகளும் இணையும் இடமாகப் பிரீட்றிக் வீதி நிலையம் இருந்தமையால், அங்குள்ள இணைப்பு வழியாக நீர் ஊ-பான் சுரங்கத்தினுள்ளும் பரவியது. நீரை இறைத்து, பாதையைச் சீராக்கி, சுரங்க வண்டிகளை மீண்டும் முழுமையாக ஓடவிட 1947 வரை சென்றது.

ஒரு கூரையின் கீழ் இரு அரசுகள்

1961ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி கிழக்கு ஜேர்மனிய அரசு பேர்லினை முட்கம்பியாலும் பின்னர் மதிலாலும் பிரித்தது. நிலப்படத்தை விரித்துப் பார்ப்போர்க்கு ஒரு புதிர் தெரியும். பிரீட்றிக் வீதி நிலையம் முழுமையாகக் கிழக்கு பேர்லினுக்குள் இருந்தது. ஆனால் அதன் கீழே ஓடிய இரு சுரங்கப் பாதைகளும் மேற்கு பேர்லினின் வடபகுதியில் தொடங்கி, கிழக்கின் அடியாகச் சென்று, மேற்கு பேர்லினின் தென்பகுதியில் வெளிவருபவை. மேலேயிருந்த நகரப் பாதையோ இந்நிலையத்துக்கு மேற்கே, ஆற்றையும் எல்லையையும் கடந்து, லேர்ற்ற நிலையத்தில் மேற்கு பேர்லினுக்குள் நுழைந்தது.

பாதைகளை அடியோடு மூடிவிடக் கிழக்கு ஜேர்மனி விரும்பவில்லை. மேற்கு நாட்டு மார்க் நாணயம் அதற்குத் தேவைப்பட்டது. தன் நிலத்தடியால் வண்டியோட்டுவதற்கு மேற்கு பேர்லினிடமிருந்து அது கட்டணம் பெற்றது. 6ஆம் இலக்கப் பாதையில் கிழக்கின் கீழிருந்த ஐந்து நிலையங்கள் மூடப்பட்டன. மங்கிய விளக்கொளியில், ஆயுதம் தாங்கிய காவலர் மறைந்து நிற்க, மேற்கு வண்டிகள் அவற்றை நிற்காமல் மெதுவாகக் கடந்து சென்றன. மக்கள் அவற்றைப் 'பேய் நிலையங்கள்' என்றழைத்தனர். எல்லைக்கு முந்திய தரிப்பிடத்தில், மேற்கு பேர்லினின் கடைசி நிலையம் இதுவென்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். பின்னர் இருள். அந்த இருளின் நடுவே வண்டி நின்ற ஒரேயொரு நிலையம் பிரீட்றிக் வீதி.

நிலையத்துக்குள்ளே எல்லை வளைந்து நெளிந்து ஓடிற்று. மேல்தளத்தில் மூன்று மேடைகள். முதலாவதில் தூர இடத்து வண்டிகள் நின்றன. பாரிசையும் மொஸ்கோவையும் இணைத்த விரைவு வண்டி செல்வதும் இப்பாதையால்தான். இரண்டாவதில் மேற்கிலிருந்து வந்த எஸ்-பான் நின்று, வந்த வழியே திரும்பிற்று. மூன்றாவதில் கிழக்கின் எஸ்-பான் வந்து நின்று, அதுவும் வந்த வழியே திரும்பிற்று. பின்னிரு மேடைகளுக்கும் இடையில் உலோகத் தடுப்புச் சுவர் எழுப்பப்பட்டது. அருகருகே நின்ற இரு வண்டிகளின் பயணிகள் ஒருவரையொருவர் காண இயலாது. ஓசை மட்டும் கேட்கும். முன்பு ஒரு நிமிடத்தில் நடந்து கடந்த தூரத்துக்குக் கீழ்த்தளத்தில் பல தடுப்புகளும் குறுகிய நடைபாதைகளும் சோதனைக் கூண்டுகளும் முளைத்தன. எல்லைக் காவற் படையின் சீருடையில் கடவுச்சீட்டுகளைச் சோதித்தவர்கள் உண்மையில் 'ஸ்ராசி' எனப்பட்ட அரச பாதுகாப்பு அமைச்சின் ஊழியர்கள் என்பது இப்போது வெளிப்படையான செய்தி.

வேடிக்கையொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மேற்கு வண்டிகளில் வந்து மாறிச் செல்வோருக்காக, சோதனைக்கு உட்படாத மேடைகளிலேயே தீர்வையற்ற மதுவும் சிகரெற்றும் விற்கும் அரசாங்கக் கடைகளைக் கிழக்கு ஜேர்மனி திறந்து வைத்தது. பொதுவுடைமை அரசு நடத்திய அக்கடைகளில் மேற்கின் நாணயம் மட்டுமே செல்லும்! மேற்கு பேர்லின்வாசிகள் சிலர் அதற்கெனவே வண்டியேறி வருவார்கள். திரும்பிச் செல்கையில் தமது சுங்க அதிகாரிகளிடம் அகப்பட்டுக் கொள்வோரும் உண்டு.

கிழக்கிலிருந்து மேற்கே செல்வோரைச் சோதிப்பதற்காக 1962இல் நிலையத்தின் வடபுறத்தில் கண்ணாடியும் உருக்குமாக ஒரு மண்டபம் கட்டப்பட்டது. மேற்கேயிருந்து உறவினரைப் பார்க்க வந்தவர்கள் நாள் முடிவதற்குள் திரும்பியாக வேண்டும். கிழக்கில் வாழ்ந்தவர்கள் வாசல்வரை வந்து வழியனுப்பலாம், அதற்கப்பால் இல்லை. தாயும் மகளும் அண்ணனும் தம்பியும் அவ்வாசலில் நின்று அழுதமையால் மக்கள் அதற்கு இட்ட பெயர் 'கண்ணீர் மாளிகை'. அரசாங்கம் இடாத பெயர் அரசாங்கத்தை விஞ்சி நிலைத்துவிட்டது.

எமக்குத் திறந்திருந்த கதவு

1983 ஜூலை இனப்படுகொலையின் பின் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர் நாட்டை விட்டு வெளியேற வழி தேடினர். விசா இல்லாதவரை மேற்கு ஐரோப்பிய விமான நிலையங்கள் ஏற்கவில்லை. அப்போது எமக்கிருந்த வழிகளுள் ஒன்று கிழக்கு பேர்லின். சோவியத் ஒன்றியத்தின் ஏரோபுளொட் விமானத்திலோ, கிழக்கு ஜேர்மனியின் இன்ரர்புளூக் விமானத்திலோ வந்து, நகரின் தென்கிழக்கேயுள்ள சோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்குவார்கள். அங்கே கிழக்கு ஜேர்மனிய அதிகாரிகள் இடைவழி விசாவொன்றைக் கொடுப்பார்கள். எஸ்-பான் வண்டியில் ஏறிப் பிரீட்றிக் வீதி நிலையத்தை அடைந்து, சோதனைக் கூண்டைக் கடந்துவிட்டால், அடுத்த வண்டி மேற்கு பேர்லினுக்குச் செல்லும் வண்டி.

மதிலைக் கட்டி, தன் குடிமக்கள் தப்பியோடினால் சுடவும் தயங்காத ஓர் அரசு, கொழும்பிலிருந்து வந்த இளைஞனை எந்தத் தடையுமின்றி மேற்கே போகவிட்டது ஏன்? அது எம்மீது கொண்ட இரக்கமென்று நம்பியோர் அன்று எம்மிடையே இருந்தனர். இரக்கத்துக்கு இடமிருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. விமானக் கட்டணம் வருவாயைத் தந்தது என்பது ஒன்று. மற்றையது அரசியல். பேர்லின் நகரம் நான்கு வல்லரசுகளின் பொறுப்பிலுள்ள ஒரே நகரம் என்பதே மேற்கு நாடுகளின் நிலைப்பாடு. நகருக்குள் ஓடும் கோட்டை அரச எல்லையென்று அவை ஏற்கவில்லை. ஏற்காத எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனை வைக்க முடியாது. வைத்தால், அது எல்லை என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே கிழக்கின் கூண்டைக் கடந்து வந்த அகதியின் முன்னே மேற்கின் கூண்டு எதுவும் இருக்கவில்லை. அகதிகள் வரவேண்டாமென்றால் எல்லையில் நீங்களே காவல் வையுங்கள், அதாவது எம்மை அங்கீகரியுங்கள் என்று சொல்லாமற் சொல்வது கிழக்கு ஜேர்மனிக்கு இலாபமாயிருந்தது.

ஈரானியரும் லெபனானியரும் பலஸ்தீனரும் வேறு பலரும் இதே வழியால் வந்தனர். எம்மவர் தொகை விரைந்து உயர்ந்தது. 1985ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியில் தஞ்சம் கோரியோர் 73,000 பேருக்கும் அதிகம். அவர்களில் இலங்கையிலிருந்து வந்தோர் மட்டும் 17,000 பேருக்கு மேல். அவ்வாண்டில் வேறெந்த நாட்டிலிருந்தும் அவ்வளவு பேர் வரவில்லை.

அவ்விளைஞர்களில் பலருக்கு ஜேர்மன் மொழியில் தெரிந்திருந்த சொல் ஒன்றே: 'அசூல்', அதாவது தஞ்சம். மேற்கு ஜேர்மனிய அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அரசியற் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோர் தஞ்ச உரிமை உடையோர் என்று அன்று எந்த நிபந்தனையும் இன்றிக் கூறிற்று. ஹிட்லர் ஆட்சியில் நாடு நாடாய் அலைந்து வாசல்கள் மூடப்பட்டோரின் அனுபவமே அந்த வாசகத்தை எழுத வைத்தது. 1993இல் அது திருத்தப்பட்டு நிபந்தனைகள் சூழ்ந்துகொண்டன. ஆனால் எம்மவர் வந்த காலத்தில் அச்சொல்லைச் சொன்னவரின் விண்ணப்பத்தைப் பதிந்தே ஆகவேண்டும். பேர்லினில் பதிந்தவர்கள் பின்னர் மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்டனர். முகாம் வாழ்க்கை, வேலை செய்யத் தடை, வருடக்கணக்கில் முடிவு வராத விண்ணப்பம் என்பனவெல்லாம் வாசகர்கள் அறிந்தவையே. அவற்றை இங்கே மீண்டும் எழுத வேண்டியதில்லை. இன்று நோர்த்ரைன் வெஸ்ற்பாலியா மாநிலத்தில் தமிழர் செறிந்து வாழ்வதற்கும், ஹம் நகரில் 2002இல் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு குடமுழுக்கு நடந்தமைக்கும் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று அந்நிலையத்தின் படிக்கட்டு என்பதை மட்டும் குறித்துக் கொள்வோம்.

கடனும் கதவும்

கதவு நெடுங்காலம் திறந்திருக்கவில்லை. இரு ஜேர்மனிகளுக்கும் இடையிலான வர்த்தகத்தில், கிழக்கு ஜேர்மனி வட்டியின்றிக் கடன் பெறும் ஏற்பாடு ஒன்று இருந்தது. 1985 ஜூலை தொடக்கத்தில் கைச்சாத்தான உடன்பாட்டின்படி அக்கடனின் எல்லை 600 மில்லியனிலிருந்து 850 மில்லியன் மார்க்காக உயர்த்தப்பட்டது. அதே கோடையில், அடுத்த நாட்டுக்குரிய விசாவை வைத்திராத இலங்கைத் தமிழருக்கு இனி இடைவழி விசா வழங்குவதில்லை என்று கிழக்கு ஜேர்மனி அறிவித்தது. இவ்விரண்டும் தற்செயலாக ஒருங்கே நிகழ்ந்தன என்று நம்புவோர் வரலாற்று ஆய்வாளரிடையே அதிகமில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, முதலில் சாத்தப்பட்ட கதவு தமிழருக்கு என்று பெயர் குறித்தே சாத்தப்பட்டது என்பதாகும். ஏனைய நாட்டவர் இன்னும் ஓராண்டு அவ்வழியால் வந்தனர். 1987 ஜனவரித் தேர்தலை எதிர்நோக்கி மேற்கு ஜேர்மனியில் அகதிகள் விடயம் பெரும் பிரசாரப் பொருளாயிற்று. எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியினர் கிழக்கு ஜேர்மனியுடன் பேசி, 1986 செப்டெம்பரில் அதன் இணக்கத்தை வெளியிட்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி முதல், அடுத்த நாட்டு விசா இல்லாத எவருக்கும் கிழக்கு பேர்லின் வழி அடைபட்டது. ஆட்சியிலிருந்தோர் கடன் கொடுத்துப் பெற்றதையும் எதிரணியினர் பேச்சால் பெற்றதையும் எண்ணிப் பார்த்தால், தம்முள் எதிலும் ஒத்துப் போகாத கட்சிகள் எமது விடயத்தில் மட்டும் ஒரே திசையில் இழுத்தன என்பது புலனாகும்.

வழி அடைபட்டதனால் பயணம் நின்றுவிடவில்லை. அது நீண்டது, விலை கூடிற்று, உயிராபத்து மிகுந்ததாயிற்று. மேற்கு ஜேர்மனிக்குள் இருந்தவர்களும் அங்கே தமக்கு எதிர்காலம் இல்லையென்று அஞ்சினர். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் மீட்டெடுத்த செய்தி உலகெங்கும் பரவியது. அவர்களை ஏற்றி வந்த கப்பல் புறப்பட்ட இடம் மேற்கு ஜேர்மனியின் துறைமுகமே.

மதில் விழுந்த பின்

1989 நவம்பர் 9ஆம் திகதி இரவு எல்லைகள் திறந்தபோது பிரீட்றிக் வீதி நிலையமும் மக்கள் வெள்ளத்தால் நிறைந்தது. 1990 ஜூலை 1ஆம் திகதி சோதனைகள் முற்றாக நீக்கப்பட்டன. மறுநாள் முதல் கிழக்கிலிருந்து வந்த எஸ்-பான் இந்நிலையத்தில் திரும்பாமல் மேற்கே தொடர்ந்து ஓடிற்று. பேய் நிலையங்கள் மீண்டும் விளக்கேற்றிக் கொண்டன. அவற்றுள் ஒன்றான பிரெஞ்சு வீதி நிலையம் 2020 டிசம்பரில், அருகே புதிய சந்தி நிலையம் திறக்கப்பட்டபோது, மீண்டும் மூடப்பட்டுவிட்டது. இம்முறை அரசியல் காரணமில்லை.

1990களின் பிற்பகுதியில் வளைவுப் பாலமும் நிலையமும் புதுக்கப்பட்டன. உலோகச் சுவரும் கூண்டுகளும் இருந்த இடத்தில் இன்று பாண் கடையும் புத்தகக் கடையும் மருந்துக் கடையும் உள்ளன. 2006 மே மாதத்தில் பேர்லினின் புதிய தலைமைப் புகையிரத நிலையம், பழைய லேர்ற்ற நிலையம் இருந்த இடத்தில் திறக்கப்பட்டதன் பின் தூர விரைவு வண்டிகள் பிரீட்றிக் வீதியில் நிற்பதில்லை. பிராந்திய வண்டிகளும் எஸ்-பானும் ஊ-பானும் நிற்கின்றன. கூட்டம் குறையவில்லை.

நாம் சென்றிருந்த நாளில், வேலைக்கு விரையும் கூட்டத்தின் நடுவே, எந்தச் சுவர் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முயன்றோம். இயலவில்லை. பழைய அமைப்பை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் நிலையத்தை விட்டு வெளியேறிக் கண்ணீர் மாளிகைக்குப் போகவேண்டும். மதில் விழுந்தபின் கலை நிகழ்ச்சி மண்டபமாக இருந்த அது, 2011 செப்டெம்பர் முதல் நூதனசாலையாக இயங்குகின்றது. திறந்து வைத்தவர், கிழக்கு ஜேர்மனியில் வளர்ந்தவரும் அப்போதைய அரசுத் தலைவருமான அங்கெலா மேர்க்கல். அனுமதி இலவசம். அன்றைய கடவுச்சீட்டுச் சோதனைக் கூண்டொன்றை அங்கே காணலாம். ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய குறுகிய வழி அது. அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு மறுபுறம் வரும்போது, எம்மவர் சொன்ன அந்த ஓசை எதுவென்று விளங்கிற்று.

சிலையாக நிற்கும் சிறுவர்

நிலையத்தின் தென்புற வாசலில், கெயோர்க் வீதியில், ஒரு வெண்கலச் சிற்பத் தொகுதி இருக்கின்றது. ஏழு சிறுவர். அவர்களில் இருவர் ஒரு திசையை நோக்கிப் பயணப் பெட்டியுடன் நிற்கின்றனர். மற்றைய ஐவரும் எதிர்த்திசையை நோக்குகின்றனர். அவர்களின் நிறமும் கருமை. 'வாழ்வுக்குச் செல்லும் வண்டிகள், சாவுக்குச் செல்லும் வண்டிகள்' என்பது அதன் பெயர்.

1938 நவம்பரில் ஜேர்மனியெங்கும் யூதரின் வழிபாட்டிடங்கள் எரியூட்டப்பட்டு, கடைகள் நொருக்கப்பட்டபின், பெற்றோரின்றி வரும் சிறுவரை ஏற்க பிரித்தானியா இணங்கியது. பெரியவர்களுக்கு அந்த வாசல் திறக்கப்படவில்லை. போர் தொடங்கும்வரையான ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் ஜேர்மனியிலிருந்தும் ஒஸ்ற்றியாவிலிருந்தும் செக்கோசிலோவாக்கியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் அவ்வாறு அனுப்பப்பட்டனர். அவர்களை ஏற்றிய வண்டிகள் புறப்பட்ட நிலையங்களுள் பிரீட்றிக் வீதியும் ஒன்று. சிற்பத்தைச் செய்தவர் பிராங்க் மைஸ்லர். டான்சிக் நகரில் பிறந்த அவரும் 1939 ஓகஸ்டில் இந்நிலையத்தின் ஊடாகவே இலண்டனுக்குச் சென்ற சிறுவன். அவர் புறப்பட்டுச் சில நாட்களில் பெற்றோர் கைது செய்யப்பட்டனர். பின்னர் அவுஷ்விற்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர். பிள்ளைகள் சென்றிறங்கிய இலண்டன் லிவர்பூல் வீதி நிலையத்திலும் அவர் செய்த சிற்பம் உண்டு. பேர்லின் சிற்பம் 2008 நவம்பர் 30ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின் அவர் மறைந்தார்.

நாம் நின்ற வேளையில், அக்குழந்தைகளில் ஒன்றின் கையில் எவரோ ஒரு ரோசாப்பூவைச் செருகிவிட்டுப் போயிருந்தனர். ஒரு தமிழ்க் குடும்பமும் அவ்விடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. தகப்பனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எந்த ஆண்டு வந்தவரென்று கேட்டோம். "எண்பத்தைந்து, சித்திரை" என்றார். கதவு சாத்தப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்! சிறு பையனாகத் தமையனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாராம். பிள்ளைகளுக்கு அவ்விடத்தைக் காட்ட வந்திருந்தார். மேலேயிருந்த எந்த மேடையில் இறங்கினார் என்பதில் அவருக்கும் மனைவிக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. மனைவி வந்தது பத்தாண்டுகளின் பின், பிராங்க்பேர்ட் வழியாக.

செல்ல விரும்பும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. சோனபெல்ட் விமான நிலையம் 2020இல் திறக்கப்பட்ட புதிய பேர்லின் விமான நிலையத்துடன் ஒன்றாகிவிட்டது. அங்கிருந்து புறப்படும் 9ஆம் இலக்க எஸ்-பான், பழைய சோனபெல்ட் நிலையத்தைத் தொட்டு, அலெக்சாண்டர் சதுக்கத்தைக் கடந்து, செங்கல் வளைவுகளின் மேலாகப் பிரீட்றிக் வீதிக்கு வருகின்றது. அங்கே ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தரிக்கும். பின்னர் கதவுகள் சாத்தப்பட்டு, ஆற்றைக் கடந்து, இரண்டு மூன்று நிமிடங்களில் பழைய லேர்ற்ற நிலையம் இருந்த இடத்தை அடைந்துவிடும். இடையில் எவரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. பயணச்சீட்டை மட்டும் கையில் வைத்திருத்தல் நன்று. அதனைச் சோதிப்போர் இன்றும் உண்டு.